சளி மருந்தும் ஓர் எட்டு வரிச் செய்தியும்

1997ஆம் ஆண்டு கொழும்பில் ஒரு தமிழ் நாளிதழின் ஆசிரியபீடத்தில் வெளிநாட்டுச் செய்திகளைக் கவனித்து வந்தேன். அவ்வாண்டு மே மாதம் வன்னியில் ‘ஜயசிக்குறு’ இராணுவ நடவடிக்கை தொடங்கியிருந்தது. முன்பக்கம் தொடங்கி நடுப்பக்கம் வரை போர்ச் செய்திகளும் இடம்பெயர்ந்தோர் பற்றிய செய்திகளுமே நிறைந்திருக்கும். உலகத்தில் வேறு எது நடந்தாலும் அதற்கு எஞ்சுவது ஆறாம் பக்கத்தின் ஒரு மூலைதான்.

கணினியில் எழுத்துக் கோத்து, அச்செடுத்து, பசையிட்டுப் பக்கத்தில் ஒட்டும் காலம் அது. ஓரிரவு பக்கம் ஒட்டும் இளைஞர் என் மேசைக்கு வந்து, “அண்ணை, ஆறாம் பக்கத்தில் இரண்டு அங்குலம் வெறுமையாய்க் கிடக்கிறது” என்றார். முன்னால் கிடந்த ஆங்கிலச் செய்திக் கட்டில் இத்தாலியிலிருந்து வந்த ஒன்று இருந்தது. சளியை இளக்குவதற்காக வைத்தியர்கள் நீண்டகாலமாகக் கொடுத்துவரும் ஒரு மருந்து இன்புளுவென்சாக் காய்ச்சலின் கொடுமையைக் குறைக்கிறது என்பது அதன் சாரம். எட்டு வரிகளில் தமிழாக்கினேன். ‘இன்புளுவென்சாவைத் தடுக்கும் சளி மருந்து’ என்று தலைப்பிட்டேன். இரண்டு அங்குலம் நிரம்பியது. வீட்டுக்குப் போய்விட்டேன்.

நான்கைந்து நாட்களின் பின் ஒரு முதியவர் அலுவலகத்துக்கு வந்தார். வெள்ளை வேட்டி, மடித்துப் பிடித்த குடை, சட்டைப் பையில் நறுக்கி வைத்த அந்தச் செய்தி. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். மனைவிக்கு ஒவ்வொரு வருடமும் காய்ச்சல் வந்து நெஞ்சில் இறங்கி வைத்தியசாலைக்குக் கொண்டுபோகும் நிலையாம். என் முன்னால் அமர்ந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஒரேயொரு கேள்வி கேட்டார்.

“தம்பி, எத்தனை பேரிடம் சோதித்துப் பார்த்தார்கள்?”

எனக்கு நினைவில்லை. மூலச் செய்தியில் இருந்தது. எட்டு வரிக்குள் அடக்குவதற்காக நான்தான் வெட்டியிருந்தேன். அதைச் சொல்ல வெட்கமாயிருந்தது. “நிறையப் பேரிடம், ஐயா. உங்கள் வைத்தியரிடம் கேட்டுப் பாருங்கள்” என்று அனுப்பிவிட்டேன். அவர் நன்றி கூறிப் போனார். பிறகு அவரை நான் காணவில்லை.

இதை இருபது வருடங்களாக மறந்திருந்தேன் என்றுதான் சொல்லவேண்டும். நினைவுபடுத்தியது 2017ஆம் ஆண்டில் என் தங்கையின் கணவருக்கு வந்த காய்ச்சல்.

அவ்வாண்டு இலங்கையில் டெங்கு கோரத்தாண்டவம் ஆடியதை நண்பர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 1,86,000 பேருக்கு மேல் பீடிக்கப்பட்டனர். காய்ச்சல் என்றாலே வீட்டில் எல்லோரும் நடுங்கினோம். இரத்தப் பரிசோதனையில் டெங்கு இல்லை என்று வந்ததும் நிம்மதிப் பெருமூச்சு விட்டோம். இன்புளுவென்சாதான், ஓய்வெடுக்கவும், பனடோல் குடிக்கவும், நிறைய நீர் அருந்தவும் என்று வைத்தியர் சொல்லியனுப்பினார். மைத்துனரும் அப்படியே செய்தார். சற்று அதிகமாகவே செய்தார். ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை இரண்டு பனடோல். உடம்பு உளைவு தாங்கமுடியாதபோது இடையில் இன்னும் இரண்டு. மூக்கடைப்புக்குப் பார்மசியில் கேட்டு வாங்கிய தடிமன் மாத்திரை. இரவில் வெந்நீரில் கரைத்துக் குடிக்கும் எலுமிச்சைச் சுவைத் தூள், வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பியது. நான்கு நாட்கள் உணவில் கை வைக்கவில்லை.

அந்தத் தடிமன் மாத்திரையிலும் அந்தத் தூளிலும் இருந்தது அதே பரசிற்றமோல்தான். பெயர் வேறு, பெட்டி வேறு, சரக்கு ஒன்று. வளர்ந்த ஒருவர் ஒரு நாளில் நான்கு கிராமுக்கு மேல், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டுக்கு மேல் எடுக்கக்கூடாது என்பது விதி. மைத்துனர் அந்த எல்லையை இரண்டாம் நாளே தாண்டியிருந்தார், தாண்டியது தெரியாமலே. ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது, ஓங்காளம் விடவில்லை. வலது விலாவின் கீழ் நோ. வைத்தியசாலையில் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, ஈரல் தாக்கப்பட்டிருக்கிறது என்றார்கள்.

உடனே சேலைனில் ஒரு மருந்தைக் கலந்து ஏற்றத் தொடங்கினர். சிறிது நேரத்தில் மைத்துனருக்கு உடம்பெல்லாம் சிவந்து சொறிந்தது. தங்கை கலங்கிப்போனாள். இந்த மருந்துக்கு இது வழக்கந்தான் என்று கூறி, ஏற்றும் வேகத்தைக் குறைத்தார் அந்த இளம் வைத்தியர். விடுதிக்கு வெளியே வந்தபோது மருந்தின் பெயரைக் கேட்டேன். தொழிற்பழக்கம், பெயரைக் கேட்காமல் இருக்க முடிவதில்லை.

“அசெற்றைல்சிஸ்ரீன். பழைய மருந்து, ஐயா. முன்பு சளிக்குக் கொடுத்தார்கள்.”

ஆறாம் பக்கத்தின் இரண்டு அங்குலம் அந்த இடத்தில் நினைவுக்கு வந்தது. காய்ச்சலைத் தணிக்கப்போய் ஈரலைக் கெடுத்துக்கொண்ட மனிதனைக் காப்பாற்ற ஏற்றிக்கொண்டிருந்தது, காய்ச்சலுக்கே மருந்தென்று நான் ஒருகாலத்தில் எழுதிய அதே பொருள்.

மைத்துனர் தப்பினார். ஒரு கிழமையில் வீட்டுக்கு வந்துவிட்டார். அதற்குப் பிறகு எனக்கு வேலை தொடங்கியது. அன்று வெட்டியெறிந்ததைத் தேடிப் படிக்கலானேன்.

இந்த மருந்தின் வரலாறே விசித்திரமானது. சிஸ்ரீன் என்பது கந்தகம் கொண்ட ஓர் அமினோ அமிலம். நாம் உண்ணும் முட்டையிலும் இறைச்சியிலும் இருப்பது. அதில் சிறு மாற்றம் செய்து உண்டாக்கியதே அசெற்றைல்சிஸ்ரீன். போத்தலைத் திறந்தால் கெட்டுப்போன முட்டையின் நாற்றம் வருவது அந்தக் கந்தகத்தினால். சளியைத் தடிப்பாக்கும் புரத இழைகளைப் பிணைத்திருக்கும் கந்தகப் பிணைப்புகளை அது வெட்டிவிடுவதால் சளி இளகுகிறது. அமெரிக்காவில் 1963இல் இதற்காகவே அனுமதி பெற்றது.

அடுத்தது 1970களில். பரசிற்றமோல் ஈரலில் உடைபடும்போது ஒரு நச்சுப்பொருள் சிறிதளவு உண்டாகிறது. குளுட்டதயோன் என்னும் பொருள் அதை உடனுக்குடன் அணைத்துவிடும். அளவு மீறினால் குளுட்டதயோன் கையிருப்பு தீர்ந்துபோய், நஞ்சு ஈரற் கலங்களைத் தின்னத் தொடங்கும். பட்டினி கிடப்பவருக்கு அந்தக் கையிருப்பு முன்னமே குறைந்திருக்கும். நான்கு நாள் உண்ணாத மைத்துனரின் கதை இதுதான். குளுட்டதயோனை உடம்பு மீண்டும் ஆக்குவதற்கு வேண்டிய முதற்பொருள் சிஸ்ரீன். சளி மருந்தைக் குருதியில் ஏற்றினால் அந்தக் கையிருப்பை நிரப்பலாம் என்று கண்டு, எடின்பரோவில் பிரெஸ்கொற் என்ற வைத்தியரும் அவருடன் இருந்தோரும் 1977இல் வெளியிட்டனர். இன்று உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் நச்சுமுறிவாக இது இடம்பெற்றிருக்கிறது. சளிக்கென்று வந்தது, ஈரலுக்கென்று ஆனது.

இன்புளுவென்சா எங்கே வந்தது? அதற்கு ஜப்பானுக்குப் போகவேண்டும். குமமொட்டோவில் மயேதா, அக்காய்க்கே முதலிய ஆய்வாளர்கள் எலிகளுக்கு இன்புளுவென்சா வைரஸைக் கொடுத்துப் பார்த்தனர். அவர்கள் கண்டது, எலிகளைக் கொல்வது வைரஸ் மாத்திரமல்ல என்பது. வைரஸை எதிர்க்க வரும் வெண்கலங்கள் வெடிமருந்துபோல் சுப்பரொட்சைட்டு என்னும் ஒட்சிசன் மூலிகங்களை உமிழ்கின்றன. அந்த வெடியில் சுவாசப்பையே எரிந்துபோகிறது. அந்த மூலிகத்தை அழிக்கும் நொதியத்தை, உடம்பில் நீண்டநேரம் தங்கும்படி ஒரு பல்பகுதியத்துடன் பிணைத்து, தொற்று ஏற்பட்டு ஐந்து முதல் எட்டு நாட்களுக்குள் ஏற்றியபோது, சாகவேண்டிய எலிகள் பல பிழைத்தன. 1989இல் ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் இது வெளியாயிற்று.

அந்த நாட்கணக்கைக் கவனியுங்கள். வைரஸ் பெருகுவதைத் தடுக்கும் டமிபுளு போன்ற மருந்தை நோய்க்குறி தோன்றி 48 மணித்தியாலத்துக்குள் தொடங்கவேண்டும் என்பார்கள். நம்மவர் வைத்தியரிடம் போவது பெரும்பாலும் மூன்றாம் நாள். தீ வைத்தவன் ஓடிய பின்பும் வீட்டில் எரியும் தீயை அணைக்க முடியுமா என்பதே ஜப்பானியரின் வினா. வைரஸின் பின்னால் ஓடாமல் உடம்பின் சொந்தத் தீயை அடக்குவது என்ற எண்ணம் எனக்கு இன்றும் கவர்ச்சியானது. கவர்ச்சியானது என்பதற்காக அது உண்மையாகிவிடாது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

இனி 1997இன் இத்தாலிய ஆய்வு. ஜெனோவாப் பல்கலைக்கழகத்தின் சில்வியோ டி புளோராவும் இருவரும் எழுதியது. ஐரோப்பிய சுவாச நோயியல் சஞ்சிகை ஒன்றில் வந்தது. தலைமையாசிரியர் ஐயா கேட்ட எண் இதோ: 262 பேர். இத்தாலியின் இருபது நிலையங்களில். அவர்களில் பெரும்பாலோர் 65 வயதைக் கடந்தவர்கள். குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு அசெற்றைல்சிஸ்ரீன் 600 மில்லிகிராம் நாளுக்கு இருமுறை, மறு பகுதியினருக்கு மருந்தில்லா வெற்று மாத்திரை. ஆறு மாதங்கள்.

முடிவைப் படித்தபோது என் தலைப்பு பிழையானது என்று தெரிந்தது. இருபது வருடங்களின் பின்! மருந்து இன்புளுவென்சாவைத் ‘தடுக்கவில்லை’. இரத்தத்தில் எதிர்ப்பொருளைச் சோதித்துப் பார்த்ததில் இரு பகுதியினருக்கும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் வைரஸ் தொற்றியிருந்தது. வேறுபாடு அதன் பின்னரே. வெற்று மாத்திரை பெற்றோரில் தொற்றுக்குள்ளானவர்களுள் 79 சதவீதத்தினர் நோய்க்குறிகளுடன் படுத்தனர். மருந்து பெற்றோரில் தொற்றுக்குள்ளானவர்களுள் அப்படி ஆனவர்கள் 25 சதவீதத்தினரே. வைரஸ் வந்துபோனது, உடம்பு அதைப் பெரிதாய் எடுத்துக்கொள்ளவில்லை. ஜப்பானிய எலிகள் சொன்னதோடு இது பொருந்துகிறதல்லவா? நான் எழுதியிருக்கவேண்டிய செய்தி இது. எழுதியதோ அதற்கு நேர்மாறானது.

79க்கும் 25க்கும் இடையிலான தூரத்தைக் கண்டு மயங்கவும் கூடாது. 262 பேரில் வைரஸ் தொற்றியவர்கள் ஒரு பகுதியினரே. ஆகவே அந்தச் சதவீதங்களின் பின்னால் நிற்கும் மனிதர்கள் பக்கத்துக்குச் சில பத்துப் பேர். சில பத்துப் பேரில் கிடைக்கும் விளைவு அடுத்த பரிசோதனையில் பாதியாகச் சுருங்குவதும் உண்டு, காணாமற்போவதும் உண்டு. எனவேதான் அடுத்த பரிசோதனை வேண்டும். பத்து மடங்கு பெரிதாக. அந்தப் பெரிய பரிசோதனை வரவில்லை.

ஆய்வுகூடங்களில் ஏதோ நடந்தது. 2010இல் ஜெர்மனியின் பிராங்போர்ட்டில், பறவைக் காய்ச்சல் வைரஸ் தொற்றிய சுவாசப்பைக் கலங்களில் இந்த மருந்து வைரஸின் பெருக்கத்தையும் அழற்சியையும் குறைத்ததாகக் கண்டனர். அடுத்த வருடம் பெல்ஜியத்தின் லீஜ் நகரில் எலிகளுக்குப் பன்றி வழி வைரஸ் ஒன்றைக் கொடுத்துச் சோதித்தபோது மருந்து அவற்றைக் காப்பாற்றவில்லை. வைரஸின் இனத்துக்கு இனம் பலன் மாறும்போலும் என்று எழுதினார்கள். ஒரு கூட்டல், ஒரு கழித்தல். மனிதரிடம் பெரிதாகச் சோதிக்க எவரும் முன்வரவில்லை.

இதைச் சதி என்று எழுதுவது எளிது. அப்படி எழுதி வாசகர்களைச் சேர்த்துக்கொள்பவர்கள் இணையத்தில் ஏராளம். நான் அப்படி நினைக்கவில்லை. காரணம் அதைவிடச் சாதாரணமானது. ஆகவே அதைவிடக் கவலைக்குரியது. காப்புரிமை என்றோ தீர்ந்துபோன மருந்து இது. யாரும் உற்பத்தி செய்யலாம். பெரும் பணத்தைக் கொட்டிப் பரிசோதனை நடத்தி, ‘ஆம், பயன்படுகிறது’ என்று நிறுவினாலும், அடுத்த நாள் எதிர்க்கடைக்காரன் அதே மாத்திரையை மலிவாய் விற்பான். பிறகு எந்தக் கம்பனி முதல் போடும்? யாருக்கும் சொந்தமில்லாத மருந்தைப் பற்றிய கேள்வியும் யாருக்கும் சொந்தமில்லாமற் போகிறது.

சொந்தக்காரன் உள்ள மருந்தின் கதையையும் பார்ப்போம். 2009இல் பன்றிக் காய்ச்சல் உலகெங்கும் பரவியபோது அரசாங்கங்கள் டமிபுளுவைக் குவித்துவைத்தன. பிரித்தானியா மட்டும் அதற்கு 40 கோடி பவுணுக்கு மேல் செலவிட்டது. அந்த மருந்து குறித்த முழுப் பரிசோதனை அறிக்கைகளைப் பெறுவதற்கு கொக்ரேன் ஆய்வாளர்கள் வருடக்கணக்காய்ப் போராடினர். பெற்று, ஆராய்ந்து, 2014இல் வெளியிட்ட முடிவு: வளர்ந்தோருக்கு நோய்க்குறி நீடிக்கும் காலம் சராசரியாக 16.8 மணித்தியாலங்கள் குறைகிறது. ஏழு நாள் காய்ச்சல் ஆறேகால் நாளாகிறது! அந்த மருந்து வீண் என்று நான் சொல்லவில்லை. கடும் நோயாளருக்கு அதை வைத்தியர்கள் இன்றும் கொடுக்கிறார்கள். ஆனால் அதற்குக் கேள்வி கேட்க ஆளிருந்தது. பதில் தேடப் பணமிருந்தது.

பழைய மருந்துக்கும் பொழுது விடிவதுண்டு என்பதை 2020 காட்டியது. கொரோனாக் காலத்தில் பிரித்தானியாவில் பொதுப்பணத்தில் நடத்தப்பட்ட ‘றிக்கவரி’ என்னும் பெரும் பரிசோதனையில், டெக்சாமெதசோன் என்ற பழைய, மலிவான மருந்து, செயற்கைச் சுவாசத்தில் இருந்தோரின் மரணத்தை மூன்றிலொரு பங்கு குறைத்தது. அதுவும் வைரஸைக் கொல்லும் மருந்தல்ல, உடம்பின் தீயை அடக்கும் மருந்துதான். ஆறாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளரை ஒப்பிட்டதால் சில மாதங்களிலேயே பதில் கிடைத்தது.

அசெற்றைல்சிஸ்ரீனையும் கொரோனாவில் சோதித்தார்கள். பிரேசிலில், கடும் நோயுற்ற 135 பேரிடம், பெருமளவு மருந்தை ஒரே தடவையாகக் குருதியில் ஏற்றிப் பார்த்தனர். பலனில்லை. செயற்கைச் சுவாசம் தேவைப்பட்டோரின் விகிதம் இரு பகுதியிலும் ஏறக்குறைய ஒன்றே. இந்த முடிவை மறைத்துவிட்டு இத்தாலிய ஆய்வை மட்டும் சொல்லும் கட்டுரைகளை நான் பார்த்திருக்கிறேன். அது நேர்மையல்ல. அதேவேளை, வேறொரு வைரஸ், நோய் முற்றிய பின்பு, ஒரேயொரு தடவை என்ற இந்தப் பரிசோதனை, ஆறு மாதங்கள் முன்கூட்டியே மாத்திரை விழுங்கிய இத்தாலிய முதியோரின் கேள்விக்குப் பதிலுமல்ல.

பதிலில்லாத இடத்தை வேறு எதுவோ வந்து நிரப்பிவிடுகிறது. 2020 டிசெம்பரில் கேகாலைப் பக்கம் தேனும் சாதிக்காயும் சேர்ந்த ஒரு பாணியைப் பெற ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்து வரிசையில் நின்றனர். அரசியல்வாதிகளும் அதைப் பருகிப் படமெடுத்துக்கொண்டார்கள். வரிசையில் நின்றவர்களைப் பார்த்து நகைத்தவர்களில் பத்திரிகையாளரும் அடங்குவர். எனக்கு நகைக்க முடியவில்லை. அந்த வரிசையை உண்டாக்குவதில் ‘கண்டுபிடிப்பு’, ‘தடுக்கும்’, ‘அதிசயம்’ என்று இரண்டு அங்குலம் நிரப்பிய என்போன்றவர்களுக்கும் பங்குண்டு.

இதைப் படித்துவிட்டு யாரேனும் நாளை பார்மசிக்குப் போய் இம்மருந்தைக் கேட்பார்களோ என்ற அச்சம் இப்போதும் இருக்கிறது. ஆகவே தெளிவாகவே எழுதுகிறேன்: இன்புளுவென்சாவுக்கு இது நிறுவப்பட்ட மருந்தல்ல. ஆஸ்துமாக்காரருக்கு இதனால் மூச்சுக்குழாய் இறுகுவதும் உண்டு. அந்தத் தலைமையாசிரியரின் மனைவிக்கு நெஞ்சில் என்ன நோய் இருந்தது என்று நான் கேட்கவேயில்லை. அதற்கும் முதல் கேட்டிருக்கவேண்டியது அவருடைய பெயரை.

மைத்துனர் இப்போது நலமாக இருக்கிறார். எழுபதைத் தாண்டிவிட்டார். ஒவ்வொரு வருடமும் இன்புளுவென்சாத் தடுப்பூசி போட்டுக்கொள்கிறார். பார்மசியில் எந்த மாத்திரையை நீட்டினாலும் பெட்டியைத் திருப்பி, பொடி எழுத்தை மூக்கருகில் பிடித்துப் படிக்காமல் வாங்குவதில்லை. பின்னால் நிற்பவர்கள் பொறுமையிழப்பார்கள். சென்ற மார்கழியில் அவருக்கு மறுபடியும் காய்ச்சல் என்று கேள்விப்பட்டுப் போனேன். கட்டிலருகே கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் அவித்த தண்ணீர். பக்கத்தில் ஒரு அப்பியாசக் கொப்பி. அதில் திகதி, நேரம், பனடோல் எத்தனை என்று தங்கையின் கையெழுத்தில் நிரல் நிரலாய் எழுதியிருந்தது.

“பார் மச்சான், கணக்கு சரியா?” என்று கொப்பியை என்னிடம் நீட்டினார். கூட்டிப் பார்த்தேன். ஒரு நாளில் ஆறுக்கு மேல் இல்லை.